படம் வந்தது, பெயர் வரவில்லை
இரண்டு கணினிகளில் ஒரே படத்தொகுப்பைப் பராமரிப்பது எப்படி?

எங்கள் பள்ளியின் பவளவிழா மலருக்குப் பழைய படங்களைத் திரட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. தலைமையாசிரியர் அறையில் இருந்த மர அலமாரி, முன்னாள் மாணவர்களின் வீடுகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் ஆல்பங்கள் என்று தேடியதில் 412 படங்கள் கிடைத்தன. ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து என் மடிக்கணினியில் சேர்த்தேன். காலாண்டு விடுமுறை முழுவதும் அந்த வேலைதான். சாய்ந்திருந்தவற்றை நிமிர்த்தினேன், மங்கியவற்றுக்கு வெளிச்சம் கூட்டினேன், பூஞ்சைக் கறைகளை நீக்கினேன்.

அதைவிடப் பெரிய வேலை ஒன்றும் நடந்தது. எங்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற, எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர், மூன்று சனிக்கிழமைகள் என் வீட்டுக்கு வந்தார். திரையில் தெரிந்த 1960களின் குழுப்படங்களைப் பார்த்து, வரிசை வரிசையாக ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் படக்குறிப்புப் பெட்டியில் தட்டச்சு செய்தேன்.

விடுமுறை முடிந்ததும் படங்கள் இருந்த ஃபோல்டரைப் பென் டிரைவில் நகலெடுத்து, பள்ளிக் கணினியில் போட்டுத் திறந்தேன். 412 படங்களும் வந்திருந்தன. ஆனால் சாய்ந்தவை சாய்ந்தபடியே இருந்தன, கறைகளும் அப்படியே இருந்தன. ஒரு படத்தில்கூடப் பெயர் இல்லை.

அன்று எதுவும் அழிந்துவிடவில்லை. என் மடிக்கணினியில் எல்லாம் பத்திரமாகவே இருந்தன. அடுத்த வாரம் நான் செய்த காரியத்தால்தான் இழப்பு ஏற்பட்டது. அதற்குள் சக ஆசிரியை ஒருவர் பள்ளிக் கணினியிலேயே நாற்பது படங்களைத் திருத்திக் குறிப்பும் எழுதியிருந்தார். அவருடைய வேலையையும் என்னுடையதோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து, பள்ளிக் கணினியில் இருந்த மென்பொருளின் பட்டியல் கோப்பை வீட்டுக்கு எடுத்துச் சென்று மடிக்கணினியில் ஒட்டினேன். ‘அதே பெயரில் கோப்பு ஏற்கெனவே உள்ளது, மாற்றவா?’ என்று கணினி கேட்டது. ‘ஆம்’ என்றேன். அவருடைய நாற்பது வந்தது, என்னுடைய 412 போனது. காப்பு நகல் எடுக்கவா என்று மென்பொருள் கேட்ட ஒவ்வொரு முறையும் ‘பிறகு’ என்று தள்ளிவிட்டதும் நான்தான்.

இரண்டு விபத்துகளுக்கும் காரணங்கள் வேறு வேறு. முதலாவதில் திருத்தம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நகலெடுத்தேன். இரண்டாவதில் இரு பக்கமும் மாறியிருந்த ஒன்றை, ஒரு பக்கம் மட்டும் மாறியது போல நடத்தினேன். இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் ஆண்டுவிழாப் படங்களானாலும் களப்பயணப் படங்களானாலும் இரு கணினிகளில் கவலையின்றி வைத்துக்கொள்ளலாம்.

திருத்தம் எங்கே இருக்கிறது?

ஒரு படத்தைத் திருத்தும்போது அந்தத் திருத்தம் மூன்று இடங்களில் ஒன்றில் சேமிக்கப்படலாம்.

முதலாவது, படத்துக்குள்ளேயே. விண்டோஸின் பெயிண்ட் போன்ற எளிய மென்பொருள்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன. சேமித்தவுடன் பழைய படம் போய்ப் புதியது அதன் இடத்தில் வந்துவிடும். நகலெடுப்பது எளிது. ஆனால் மூலப்படம் திரும்பக் கிடைக்காது. ஜேபெக் வகைப் படமாக இருந்தால், ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் அது மறுபடி சுருக்கப்பட்டுத் தரம் சிறிது குறையும்.

இரண்டாவது, மென்பொருளின் பட்டியல் கோப்பில். மூலப்படத்தை மென்பொருள் தொடுவதே இல்லை. ‘இந்தப் படத்தை இரண்டு பாகை சாய், வெளிச்சத்தை இவ்வளவு கூட்டு’ என்ற கட்டளைகளை மட்டும் ஒரு தரவுத்தளத்தில் எழுதி வைத்துக்கொள்கிறது. திரையில் நாம் காண்பது மூலப்படத்தின் மேல் அந்தக் கட்டளைகளைச் செலுத்திக் கிடைத்த தோற்றம். அடோபியின் லைட்ரூம் கிளாசிக் இந்த வகை. அதன் தரவுத்தளத்துக்குக் கேட்டலாக் என்று பெயர். படங்கள் ஒரு ஃபோல்டரிலும் கேட்டலாக் வேறொரு ஃபோல்டரிலும் இருக்கலாம்.

மூன்றாவது, துணைக்கோப்பில். இதிலும் மூலப்படம் தொடப்படுவதில்லை. கட்டளைகள் ஒவ்வொரு படத்தின் பக்கத்திலேயே, அந்தப் படத்தின் பெயரைத் தாங்கிய ஒரு சிறு உரைக்கோப்பில் எழுதப்படுகின்றன. பெரும்பாலும் இவை எக்ஸ்எம்பி என்ற வடிவத்தில் இருக்கும். 2001இல் அடோபி அறிமுகப்படுத்திய இந்த வடிவம், 2012இல் பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பின் தரமாகவும் ஆனது. டார்க்டேபிள் என்ற கட்டணமில்லா மென்பொருள் தனக்கென ஒரு தரவுத்தளம் வைத்திருப்பதோடு, ஒவ்வொரு படத்துக்கும் இப்படி ஒரு துணைக்கோப்பையும் எழுதுகிறது. பலர் ஒரு காலத்தில் பயன்படுத்திய, 2016இல் கூகுள் நிறுத்திவிட்ட பிக்காசாவும் திருத்தக் கட்டளைகளை ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு மறைகோப்பில்தான் எழுதியது.

இதை நம் அலுவலகப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பட்டியல் கோப்பு என்பது பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. எல்லா மாணவர்களின் விவரமும் ஒரே இடத்தில் இருக்கும், ஆனால் மாணவர் வேறு பள்ளிக்குப் போகும்போது பதிவேடு உடன் போகாது. துணைக்கோப்பு என்பது மாற்றுச் சான்றிதழ். அது மாணவரோடு போகும். நான் முதல் முறை செய்தது, 412 மாணவர்களை மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் புதிய பள்ளிக்கு அனுப்பியதற்குச் சமம்.

இரண்டு நிமிடச் சோதனை

உங்கள் மென்பொருள் எந்த வகை என்று அறிய ஒரு எளிய வழி உண்டு. சோதனைக்கென்று ஒரு ஃபோல்டரில் மூன்று படங்களின் நகல்களைப் போடுங்கள். மென்பொருளில் ஒரு படத்தின் வெளிச்சத்தை மாற்றி, ஒரு குறிப்பும் எழுதி, மென்பொருளை மூடுங்கள். இப்போது ஃபோல்டரைத் திறந்து கோப்புகளை ‘மாற்றிய தேதி’ வரிசையில் பாருங்கள். மறைகோப்புகளும் தெரியும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

படத்தின் தேதி மாறியிருந்தால் மாற்றத்தில் ஏதோ ஒன்று படத்துக்குள் எழுதப்பட்டிருக்கிறது. பக்கத்தில் புதிய சிறு கோப்பு முளைத்திருந்தால் அது துணைக்கோப்பு. எதுவுமே மாறவில்லையென்றால் எல்லாம் பட்டியல் கோப்பில் இருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிக்காமல் நகலெடுக்கத் தொடங்காதீர்கள்.

பட்டியல் வகை மென்பொருள்களிலும் பெரும்பாலும் துணைக்கோப்பு எழுதும் வசதி உண்டு. லைட்ரூம் கிளாசிக்கில் அமைப்பை மாற்றினால் ரா வகைப் படங்களுக்கு எக்ஸ்எம்பி துணைக்கோப்பு எழுதும், ஜேபெக் படங்களுக்குக் கட்டளைகளைப் படக்கோப்பின் உட்குறிப்பாகவே எழுதும். ஆனால் நாம் அமைத்த தொகுப்புகள், மெய்நிகர் நகல்கள் போன்றவை அதில் ஏறுவதில்லை. அவை கேட்டலாக்கில் மட்டுமே இருக்கும். துணைக்கோப்பில் எது பயணிக்கிறது, எது வீட்டிலேயே தங்கிவிடுகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது அவசியம்.

கணினி எப்படி முடிவெடுக்கிறது?

இனி இரண்டாவது விபத்துக்கு வருவோம். இரண்டு ஃபோல்டர்களை ஒன்றுபோல் ஆக்குவது எளிய வேலையாகத் தோன்றும். ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். வீட்டுக் கணினியில் ‘1964 குழுப்படம்’ இருக்கிறது. பள்ளிக் கணினியில் இல்லை. கணினி என்ன செய்ய வேண்டும்?

வீட்டில் அதைப் புதிதாகச் சேர்த்திருக்கலாம். அப்படியானால் பள்ளிக்கு நகலெடுக்க வேண்டும். அல்லது இரண்டிலும் இருந்ததைப் பள்ளியில் யாரோ வேண்டாமென்று நீக்கியிருக்கலாம். அப்படியானால் வீட்டிலும் நீக்க வேண்டும். இன்றைய நிலையை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. போன முறை இரண்டும் எப்படி இருந்தன என்ற நினைவு வேண்டும்.

அதனால்தான் நல்ல ஒத்திசைவு மென்பொருள்கள் ஒவ்வொரு முறையும் ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொள்கின்றன. ஃப்ரீஃபைல்சிங்க் என்ற கட்டணமில்லா மென்பொருள் அதன் ‘இருவழி’ முறையில் இரு ஃபோல்டர்களிலும் ஒரு சிறு தரவுக்கோப்பை வைக்கிறது. அதைக் குப்பையென்று நினைத்து நீக்கிவிடக்கூடாது. நினைவு இருந்தால் நான்கு நிலைகளையும் பிரித்தறியலாம்: இரு பக்கமும் மாறவில்லை, இடப்பக்கம் மட்டும் மாறியது, வலப்பக்கம் மட்டும் மாறியது, இரண்டும் மாறின. முதல் மூன்றுக்கும் விடை தெளிவு. நான்காவதுக்குப் பெயர் முரண். அதை எந்த மென்பொருளாலும் நமக்காகத் தீர்க்க முடியாது. நல்ல மென்பொருள் நின்று நம்மைக் கேட்கும். நான் கையால் ஒட்டியபோதும் கணினி கேட்டது. ஆனால் ‘இரு பக்கமும் மாறியிருக்கிறது’ என்று அது சொல்லவில்லை. அதற்கு அது தெரியாது.

மாற்றத்தைக் கண்டறிய இந்த மென்பொருள்கள் பொதுவாகக் கோப்பின் அளவையும் தேதியையும் பார்க்கின்றன. இங்கே பள்ளிக் கணினிகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பழைய மேசைக் கணினிகளின் உள்ளே இருக்கும் நாணய வடிவ 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரம் நின்று திரும்பும்போது கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். இன்று திருத்திய கோப்பு பத்தாண்டுப் பழையதாகப் பதிவாகும். ‘புதியது வெல்லும்’ என்று நம்பிப் பழையதை மாற்றினால் இன்றைய வேலைதான் அழியும். எனவே எந்த வேலைக்கும் முன்னால் இரு கணினிகளின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். தேதி தவறினால் அந்த பேட்டரியை மாற்றுங்கள். சிறிய செலவுதான்.

மூன்று வழிகள்

முதலில் ஒரு கேள்வி: இரண்டாவது கணினியில் படங்களைத் திருத்த வேண்டுமா, பார்த்தால் போதுமா? ஸ்மார்ட் வகுப்பறையில் காட்டவோ மலருக்கு அனுப்பவோ மட்டும் என்றால் ஒத்திசைவே தேவையில்லை. திருத்தம் சேர்ந்த ஜேபெக் நகல்களை ‘ஏற்றுமதி’ செய்து கொடுத்துவிடலாம். மூலமும் திருத்தமும் ஒரே கணினியில் இருக்கட்டும். பாதிப் பள்ளிகளின் தேவை இதிலேயே முடிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

இரண்டிலும் திருத்தத்தான் வேண்டும் என்றால் முதல் வழி, கையடக்க வட்டு. படங்களையும் பட்டியல் கோப்பையும் சேர்த்து வெளிப்புற வட்டு ஒன்றில் வைத்து, எந்தக் கணினியில் வேலையோ அதில் செருகிக்கொள்வது. தொகுப்பு ஒன்றே என்பதால் முரண் வர வழியில்லை. மூன்றைக் கவனியுங்கள். விண்டோஸ் கணினி ஒன்று வட்டுக்கு ‘இ’ என்றும் மற்றொன்று ‘எஃப்’ என்றும் எழுத்துக் கொடுத்தால் பட்டியல் கோப்பு படங்களைக் காணாமல் தவிக்கும். இரண்டிலும் ஒரே எழுத்தை நிலையாக அமைத்துக்கொள்ளுங்கள். வட்டு ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜி.பி. அளவை எட்டும் ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. எக்ஸ்ஃபேட் வடிவம் நல்லது. மூன்றாவது, வட்டு தொலைந்தால் எல்லாம் தொலையும். வேறு நகல் கட்டாயம் வேண்டும்.

இரண்டாவது வழி, துணைக்கோப்புகளோடு படங்களை இரு கணினிகளிலும் வைத்து ஒத்திசைப்பது. இதைக் கீழே விரிவாகப் பார்ப்போம்.

மூன்றாவது வழி, இணையம் அல்லது பள்ளி வலையமைப்பு மூலம் தானாக ஒத்திசைவது. சிங்க்திங் என்ற கட்டணமில்லா மென்பொருள் நடுவில் எந்த நிறுவனத்தின் சேமிப்பகமும் இல்லாமல் இரு கணினிகளை நேராக இணைக்கிறது. முரண் வந்தால் இரண்டு கோப்புகளையும் வைத்துக்கொண்டு, ஒன்றின் பெயரில் முரண் என்ற குறிப்பையும் தேதியையும் சேர்க்கிறது. இந்த வழியில் பெரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. பட்டியல் கோப்பு என்பது உயிரோட்டமான தரவுத்தளம். மென்பொருள் திறந்திருக்கும்போதே அதை ஒத்திசைத்தால் பாதி எழுதிய பக்கங்கள் மறுபுறம் போய் தரவுத்தளம் சிதையக்கூடும். படங்களையும் துணைக்கோப்புகளையும் தானாக ஒத்திசைக்கலாம். பட்டியல் கோப்பைத் திறந்த நிலையில் ஒருபோதும் ஒத்திசைக்காதீர்கள்.

துணைக்கோப்பு வழி: படிப்படியாக

டார்க்டேபிளும் ஃப்ரீஃபைல்சிங்கும் விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. டார்க்டேபிள் சற்றுக் கனமானது. மிகப் பழைய கணினியில் மெதுவாகத்தான் ஓடும்.

1. இரு கணினிகளிலும் டார்க்டேபிளின் ஒரே பதிப்பை நிறுவுங்கள். புதிய பதிப்பில் செய்த திருத்தத்தைப் பழைய பதிப்பு புரிந்துகொள்ளாமல் போகலாம்.

2. திருத்தத் தொடங்கும் முன்பே படங்களுக்கு நிலையான பெயர் கொடுங்கள். கேமராக்கள் ஒன்றுமுதல் எண்ணி முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். இரண்டு விழாக்களின் படங்களுக்கு ஒரே பெயர் வந்துவிடலாம். ‘1964_குழுப்படம்_01’ போல ஆண்டோடு தொடங்கும் பெயர் நல்லது. திருத்திய பிறகு வெளியிலிருந்து பெயரை மாற்றினால் படத்துக்கும் துணைக்கோப்புக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும்.

3. டார்க்டேபிளின் விருப்ப அமைப்புகளில் சேமிப்பகம் என்ற பகுதிக்குச் சென்று, துணைக்கோப்பு எழுதுவது இயக்கத்தில் உள்ளதா என்று பாருங்கள். தொடங்கும்போது மாறிய எக்ஸ்எம்பி கோப்புகளைத் தேடும் அமைப்பையும் இயக்குங்கள். இதை இரு கணினிகளிலும் செய்ய வேண்டும்.

4. வீட்டில் வேலை முடிந்ததும் டார்க்டேபிளை மூடுங்கள். மூடிய பிறகே அடுத்த படி.

5. ஃப்ரீஃபைல்சிங்கில் இடப்பக்கம் மடிக்கணினியின் படஃபோல்டரையும் வலப்பக்கம் பென் டிரைவின் படஃபோல்டரையும் காட்டி, ‘இருவழி’ முறையைத் தேர்ந்து ‘ஒப்பிடு’ என்பதை அழுத்துங்கள். எந்தக் கோப்பு எந்தப் பக்கம் போகும், எது நீக்கப்படும் என்ற பட்டியல் வரும். அதைப் படித்துப் பார்த்த பிறகே ‘ஒத்திசை’. இதே மென்பொருளில் ‘கண்ணாடி’ என்ற முறையும் உண்டு. அது வலப்பக்கத்தை அப்படியே இடப்பக்கம்போல ஆக்கும். வலப்பக்கத்தில் மட்டும் இருப்பவை நீக்கப்படும். பக்கம் மாறி அழுத்தினால் என் கதைதான்.

6. பள்ளியில் பென் டிரைவுக்கும் பள்ளிக் கணினிக்கும் இடையே அதையே செய்யுங்கள். டார்க்டேபிளின் சொந்தத் தரவுத்தளத்தை நகலெடுக்க வேண்டாம். ஒவ்வொரு கணினியும் தனக்கென ஒன்றை வைத்துக்கொள்ளும்.

7. பள்ளிக் கணினியில் டார்க்டேபிளைத் திறந்தால், மாறிய துணைக்கோப்புகளின் பட்டியலைக் காட்டி, கோப்பிலிருந்து மறுபடி ஏற்றவா அல்லது தரவுத்தளத்தில் உள்ளதை வைத்துக் கோப்பை மேலெழுதவா என்று கேட்கும். புதிய வேலை கோப்பில் இருப்பதால் ‘மறுபடி ஏற்று’ என்பதே சரி. இங்கே அவசரம் வேண்டாம். புதிய படங்கள் வந்திருந்தால் அந்த ஃபோல்டரை நூலகத்தில் சேர்க்க வேண்டும். துணைக்கோப்பை மென்பொருள் தானே படித்துக்கொள்ளும்.

8. மூன்று படங்களைத் திறந்து திருத்தமும் குறிப்பும் வந்துள்ளனவா என்று பார்த்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

இந்த வழியின் பெரிய நன்மை அளவில் இருக்கிறது. 10 அங்குலத்துக்கு 8 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளிகள் வீதம் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் 6000 × 4800, அதாவது 2 கோடியே 88 இலட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் என்றால், சுருக்காத கோப்பு சுமார் 86 எம்.பி. அதன் துணைக்கோப்போ பெரும்பாலும் சில கே.பி.தான். முதல் முறை மட்டுமே நேரம் பிடிக்கும். அதன்பின் திருத்தங்கள் நொடிகளில் போய்விடும்.

திருத்தமும் படக்குறிப்பும் குறிச்சொற்களும் துணைக்கோப்பில் பயணிக்கும். நீங்கள் உருவாக்கி வைத்த பாணிகளும் முன்னமைவுகளும் பயணிக்காது. அவற்றைத் தனியே ஏற்றுமதி செய்ய வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு கணினி

எந்த மென்பொருளைப் பயன்படுத்தினாலும் முரணைத் தவிர்க்க உறுதியான வழி, ஒரு நேரத்தில் ஒரு கணினியில் மட்டும் திருத்துவது. எங்கள் பள்ளியில் இதற்குச் சாவிப் பதிவேட்டின் முறையைப் பின்பற்றுகிறோம். படஃபோல்டரிலேயே ஒரு உரைக்கோப்பு இருக்கிறது. யார், எந்தத் தேதியில், எந்தக் கணினிக்கு எடுத்துச் சென்றார் என்று ஒரு வரி எழுத வேண்டும். ‘திருப்பினேன்’ என்று அடுத்த வரி வரும்வரை மற்றவர் தொடக்கூடாது. இருவர் ஒரே நேரத்தில் வேலை செய்தே ஆக வேண்டுமென்றால் ஃபோல்டர்களைப் பிரித்துக்கொள்ளலாம். 1970க்கு முந்தையவை ஒருவருக்கு, பிந்தையவை மற்றவருக்கு.

படங்களைக் கைமாற்ற வாட்ஸ்அப்பைப் பயன்படுத்தும் வழக்கம் நம்மிடம் அதிகம். படமாக அனுப்பினால் அது சுருக்கப்படும், உட்குறிப்புகளும் நீங்கிவிடும். வேறு வழியில்லையென்றால் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

ஒத்திசைவு காப்பு நகல் ஆகாது

‘இரண்டு கணினியிலும் இருக்கிறதே, பத்திரம்தான்’ என்று தோன்றும். ஒத்திசைவின் வேலை இரண்டையும் ஒன்றுபோல் ஆக்குவது. ஒன்றில் தவறாக நீக்கினால் மற்றதிலும் நீங்கும், ஒன்றில் கெட்டால் மற்றதிலும் கெடும். எனவே இவை இரண்டோடும் ஒத்திசையாத மூன்றாவது நகல் ஒன்று வேண்டும். ஒளிப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரவலாக்கிய 3-2-1 விதி நினைவில் வைக்க எளியது: மூன்று நகல்கள், இரு வேறு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். மாதம் ஒருமுறை வெளிப்புற வட்டில் தேதியிட்ட புதிய ஃபோல்டராக நகலெடுத்துத் தலைமையாசிரியர் அறை பீரோவில் வைத்தால் போதும். பழைய மாதத்தை உடனே அழிக்காதீர்கள்.

மாணவர் படங்கள் என்றால்

பள்ளிப் படங்கள் வீட்டுக் கணினிக்குப் போகும்போது குழந்தைகளின் முகங்களும் போகின்றன. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலை வலியுறுத்துகிறது. தலைமையாசிரியரின் அனுமதியும் பெற்றோரின் ஒப்புதலும் பெற்ற பிறகே படங்களை வெளியே எடுத்துச் செல்லுங்கள். மடிக்கணினிக்கும் வட்டுக்கும் கடவுச்சொல் வையுங்கள். துணைக்கோப்பில் பெயர் பயணிப்பது நமக்கு நன்மை. ஆனால் அதே பெயர், ஏற்றுமதி செய்யும் ஜேபெக்கின் உட்குறிப்பிலும் ஏறிவிடக்கூடும். வெளியே பகிரும் நகல்களில் உட்குறிப்பை நீக்கும் தெரிவைப் பயன்படுத்துங்கள்.

வகுப்பறைச் செயல்பாடு

இந்தப் பாடத்தைக் கணினி இல்லாமலே 8ஆம் வகுப்பில் ஒரு பாடவேளையில் நடத்தலாம். தேவை: ஒரே படத்தின் இரு நகல்கள், சில ஒளிபுகும் தாள்கள், சீட்டுகள்.

வகுப்பை ‘வீடு’, ‘பள்ளி’ என்று இரு குழுக்களாகப் பிரியுங்கள். முதல் சுற்றில் வீட்டுக் குழு படத்தின் மேல் ஒளிபுகும் தாளை வைத்து மீசை, கண்ணாடி வரையட்டும். பிறகு படத்தை மட்டும் பள்ளிக் குழுவிடம் கொடுக்கச் சொல்லுங்கள். எது வந்தது, எது வரவில்லை என்று கேளுங்கள்.

இரண்டாம் சுற்றில் இரு குழுவும் தனித்தனித் தாள்களில் வரையட்டும். இப்போது ஒரே தாளைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். எதை வைப்பது என்று அவர்களே விவாதிக்கட்டும். ‘கடைசியாக வரைந்தது’ என்று யாராவது சொல்வார்கள். அப்போது மூன்றாம் சுற்றைத் தொடங்குங்கள். வரைந்த நேரத்தைத் தாளில் எழுதச் சொல்லி, ஒரு குழுவுக்கு மட்டும் தவறான நேரம் காட்டும் கடிகாரத்தைக் கொடுங்கள்.

நிறைவாக ஒரு சீட்டை ஒரு மேசையில் மட்டும் வைத்து, ‘இது புதிதாக வந்ததா, அந்த மேசையில் நீக்கப்பட்டதா?’ என்று கேளுங்கள். ‘முன்னால் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும்’ என்ற விடை மாணவர்களிடமிருந்தே வரும்வரை காத்திருங்கள். அந்த விடைதான் பாடத்தின் நோக்கம்.

பவளவிழா மலர் குறித்த நாளில் வெளிவந்தது. படங்களின் திருத்தங்களை இரண்டு வாரம் இரவில் விழித்திருந்து மறுபடி செய்துவிட்டேன். மூலப்படங்கள் இருந்ததால் அது உழைப்பு மட்டுமே. பெயர்கள் அப்படி இல்லை. பெரியவர் எந்த வருத்தமும் காட்டாமல் மறுபடி வந்து உட்கார்ந்தார். பெரும்பாலான பெயர்களைச் சொன்னார். 1964 படத்தில் மட்டும் மூன்று முகங்களின் மேல் விரலை வைத்து வெகுநேரம் யோசித்தார். ‘போன தடவை சொன்னேனே சார், எழுதினீங்களே’ என்றார்.

மலரில் அந்த மூவரின் கீழே கோடு மட்டும்தான் இருக்கிறது.